பாதி ஆர்டர்



இந்த அரங்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறவர்கள். ஆர்டர் வராத மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆர்டர் வந்து நிற்கும் நாளும் லேசான நாள் இல்லை. பெரிய பார்ட்டி ஒருவர் வருகிறார். நம் மெஷின்களில் பாதியை மூன்று வருஷத்துக்குத் தனக்கே ஒதுக்கச் சொல்கிறார். விலையைக் குறைத்துக் கேட்கிறார். பேங்க்கில் லோன் வாங்கிப் புது மெஷின் போடச் சொல்கிறார். வந்த லட்சுமியை யாராவது வேண்டாம் என்பார்களா என்று வீட்டில் கேட்பார்கள். பத்து வருஷமாகக் கூட இருக்கும் பழைய பார்ட்டிகள் என்ன ஆவார்கள் என்று மனம் கேட்கும்.

இந்தக் கேள்வியை உலகத்திலேயே மிகப் பெரிய அளவில், திரும்பத் திரும்பச் சந்தித்த கம்பெனி ஒன்று தைவானில் இருக்கிறது. டிஎஸ்எம்சி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தைவான் செமிகண்டக்டர் மேனுஃபாக்சரிங் கம்பெனி. தன் பெயர் போட்ட ஒரு சிப்பைக்கூட அது கடையில் விற்பதில்லை. அடுத்தவர் வரைந்து கொடுக்கும் டிசைனை சிப்பாகச் செய்து கொடுப்பது மட்டுமே அதன் தொழில். உங்கள் பாஷையில் சொன்னால் முழுக்க முழுக்க ஜாப் ஒர்க். ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படும் ஐபோனுக்குள் இருக்கும் மூளை அங்கேதான் செய்யப்படுகிறது. செயற்கை நுண்ணறிவுக்காக என்விடியா விற்கும் சிப்புகளும் அங்கேதான். அந்தக் கம்பெனி எந்தெந்த வேலையை எடுத்தது, எதை விட்டது, எங்கே தவறான வேலையில் கை வைத்தது என்று வரிசையாகப் பார்த்தால், ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அடியில் ஒரே கேள்வி ஓடுவது தெரியும். இந்த வேலையைச் செய்து முடிக்கும்போது, அதில் கிடைக்கும் கற்றல் யார் கையில் சேரும்?

கதையின் நாயகர் மோரிஸ் சாங். 1931-இல் சீனாவின் நிங்போ நகரில் பிறந்தவர். அமெரிக்காவில் எம்ஐடியில் இயந்திரப் பொறியியல் படித்தார். முனைவர் படிப்புக்கான தகுதித் தேர்வில் இரண்டு முறை தோற்று, 1955-இல் வேலை தேடினார். ஃபோர்டு கார் கம்பெனி மாதம் 479 டாலர் தருவதாகச் சொன்னது. சில்வேனியா என்ற கம்பெனியின் புதிய செமிகண்டக்டர் பிரிவு 480 டாலர் என்றது. சாங்குக்கு ஃபோர்டு மேல்தான் ஆசை. சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டித் தர முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். முடியாது என்று வெடுக்கென்று பதில் வந்தது. அந்த ஒரு டாலர் வித்தியாசத்தில் அவர் சிப் உலகத்துக்குள் வந்தார். இளம் வயதில் எடுக்கும் தீர்மானங்களில் இப்படித் தற்செயலுக்கும் பங்கு உண்டு. பின்னாளில் அவர் எடுத்தவற்றில் அப்படி எதையும் காண்பது அரிது.

1958-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் சேர்ந்தார். முதலில் அவருக்குக் கொடுத்தது யாரும் விரும்பாத ஒரு லைன். ஐபிஎம்முக்கு வெளியிலிருந்து டிரான்சிஸ்டர் செய்து கொடுக்கும் லைன் அது. செய்வதில் ஏறக்குறைய எல்லாமே ரிஜெக்ட். வெப்பத்தையும் அழுத்தத்தையும் மாற்றி மாற்றி வைத்துச் சில மாதங்களில் தேறும் விகிதத்தை இருபது சதவீதத்துக்கு மேல் கொண்டுவந்தார். ஐபிஎம்மின் சொந்த ஆலையிலேயே அவ்வளவு தேறவில்லை. ஜாப் ஒர்க் செய்கிறவன் வேலை கொடுத்தவனைவிட நன்றாகச் செய்ய முடியும் என்பதை அவர் அங்கே கண்ணால் கண்டார்.

அதே கம்பெனியில் இன்னொரு பாடமும் கிடைத்தது. பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தோடு சேர்ந்து அவர் செய்த கணக்கு அது. செய்யும் எண்ணிக்கை பெருகப் பெருக, கை பழகுகிறது, ரிஜெக்ட் குறைகிறது, ஒரு பொருளுக்கான அடக்கவிலை இறங்கிக்கொண்டே போகிறது. ஆகவே இன்றைய அடக்கவிலையை வைத்து விலை சொல்லக் கூடாது, நாளைக்கு வரப்போகும் அடக்கவிலையை வைத்துச் சொல்ல வேண்டும் என்று சாங் முடிவு கட்டினார். வாடிக்கையாளர் கேட்கும் முன்பே மூன்று மாதத்துக்கு ஒரு முறை விலையைக் குறைத்தார். சந்தை அவர் பக்கம் வந்தது. எண்ணிக்கை கூடியது. அடக்கவிலையும் எதிர்பார்த்தபடி இறங்கியது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சரியாகப் போடாத ஒருவரின் கதை பிறகு வருகிறது.

ஜாப் ஒர்க் என்ற எண்ணத்துக்கு வித்து விழுந்தது 1984-85 வாக்கில். அப்போது சாங் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்ற கம்பெனியில் உயர் பொறுப்பில் இருந்தார். கோர்டன் கேம்பல் என்ற தொழில்முனைவோர் வந்து, சிப் கம்பெனி தொடங்க 5 கோடி டாலர் முதலீடு வேண்டும் என்றார். கொஞ்ச நாள் கழித்து ஆளையே காணோம். சாங் விசாரித்தபோது, இப்போது 50 லட்சம் டாலர் இருந்தால் போதும், அதை வேறு இடத்தில் திரட்டிக்கொள்கிறேன் என்றார். தேவை எப்படிப் பத்தில் ஒன்றாகக் குறைந்தது? சொந்தமாக ஆலை கட்டுவதில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். டிசைன் மட்டும் செய்வார், வேறு கம்பெனிகளின் சும்மா கிடக்கும் லைனில் சிப்பைச் செய்துகொள்வார்.

அன்றைக்குச் சிப் தொழிலில் இருந்த எல்லோருக்கும் ஆலை என்பது கௌரவம். ஆலை இல்லாதவனை சிப் கம்பெனி என்றே மதிக்க மாட்டார்கள். கேம்பல் போன்ற சிலர் அந்தச் சுமையைத் துணிந்து வேண்டாம் என்றார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. லைனை வாடகைக்குத் தரும் பெரிய கம்பெனியும் சிப் விற்கிறது. இவர்களின் டிசைனை அது பார்க்கிறது. சொந்த ஆர்டர் குவிந்தால் இவர்களின் வேலையைத் தள்ளி வைக்கிறது. போட்டியாளன் வீட்டு அடுப்பில் சமைப்பது போன்ற நிலைமை.

1985-இல் தைவான் அரசு சாங்கை சின்சு நகரத்தில் இருந்த தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக அழைத்தது. கே.டி. லி என்ற மூத்த அமைச்சர், சிப் கம்பெனி ஒன்று தொடங்கத் திட்டம் போட்டுத் தரச் சொன்னார். சாங் தைவானின் கையிருப்பை நிதானமாக எடை போட்டார். டிசைனில் பலம் இல்லை. உலகச் சந்தையில் விற்கும் அனுபவம் இல்லை. ஆராய்ச்சி நிலையத்தின் சோதனை ஆலையில் செய்முறைத் திறமை மட்டும் ஓரளவு இருந்தது. இருப்பதை வைத்துத்தானே தொழில் தொடங்க முடியும்? செய்து கொடுப்பது மட்டுமே தொழில், வாடிக்கையாளரோடு ஒருநாளும் போட்டி போடுவதில்லை என்று வரையறுத்து ஒரு கம்பெனியை அவர் வடிவமைத்தார்.

இது பெரிய மறுப்பு. சொந்தமாகச் சிப் செய்து விற்றால் கிடைக்கக்கூடிய லாபம் முழுவதையும், கம்பெனி பிறப்பதற்கு முன்பே, நிரந்தரமாக வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது போல. ஆனால் அந்த ஒரு மறுப்பால்தான் ஒருவருக்கொருவர் போட்டியாளர்களான கம்பெனிகள் எல்லாம் தங்கள் டிசைனை நம்பி ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து கொடுத்தன. நூறு பேரின் சிப்பைச் செய்யும்போது நூறு விதமான சிக்கல்களைத் தீர்க்க வேண்டியிருந்தது. ஒருவருக்காகக் கண்டுபிடித்த செய்முறைத் திருத்தம் அடுத்தவர் வேலையையும் மேம்படுத்தியது. கற்றல் ஆலையிலேயே தங்கியது.

முதலீட்டுக்காக சாங் பல கம்பெனிகளுக்கு எழுதினார். இன்டெல்லும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றன. 25 வருஷம் உழைத்த கம்பெனியே கையை விரித்தது. ஹாலந்தின் பிலிப்ஸ் மட்டும் வந்தது. 5 கோடியே 80 லட்சம் டாலர் பணம், செய்முறைத் தொழில்நுட்பம், காப்புரிமை உரிமம் இவற்றைக் கொடுத்து 27.5 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய பாதியை அரசு போட்டது. மீதியை உள்ளூர்ச் செல்வந்தர்கள், பலர் தயங்கித் தயங்கி, அரசின் வற்புறுத்தலுக்காகப் போட்டார்கள். 1987-இல் டிஎஸ்எம்சி பிறந்தது. மறுத்த இரண்டு கம்பெனிகளையும் இன்று குறை சொல்வது சுலபம். அன்றைய நிலவரத்தில் அவர்கள் சொன்னது நியாயமாகவே பட்டிருக்கும். ஆலை இல்லாத சிப் கம்பெனிகள் அப்போது விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருந்தன. இல்லாத வாடிக்கையாளருக்காக ஆலை கட்டப் போகிறேன் என்று ஒருவர் வந்து நின்றால் யார் பணம் தருவார்கள்?

அடுத்த ஆண்டே இன்டெல் தன் பொறியாளர்களை அனுப்பி டிஎஸ்எம்சி ஆலையைத் தணிக்கை செய்தது. நீண்ட குறைப்பட்டியல் ஒன்றை நீட்டியது. டிஎஸ்எம்சி ஒவ்வொன்றாகச் சரிசெய்து, இன்டெல்லின் அங்கீகாரத்தையும் கொஞ்சம் ஆர்டரையும் பெற்றது. அந்த ஆர்டரில் கிடைத்த பணத்தைவிடக் குறைப்பட்டியலே பெரிய வரவு. உலகின் முதல் தர சிப் கம்பெனி தன் தரக்கட்டுப்பாட்டை இலவசமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தது.

இனி 2000-ஆம் ஆண்டுக்கு வருவோம். டிஎஸ்எம்சியின் வரலாற்றில் இதுபோல வேறொரு மறுப்பு இல்லை. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம்.

அதுவரை சிப்புக்குள் மின்சாரம் ஓடும் கம்பிகளை அலுமினியத்தில் செய்துவந்தார்கள். கம்பி மெலியமெலிய அலுமினியம் தாங்கவில்லை. தாமிரத்துக்கு மாற வேண்டும். தாமிரம் சிலிக்கானுக்குள் ஊறிப் பாழாக்கிவிடும் என்பதால் அது எளிதான மாற்றமில்லை. ஐபிஎம் 1997-இல் அந்த வித்தையைச் சாதித்து உலகத்துக்கு அறிவித்தது. அடுத்த தலைமுறையான 0.13 மைக்ரான் சிப்புக்குத் தாமிரமும் வேண்டும், கம்பிகளுக்கு நடுவே புது வகைக் காப்புப் பொருளும் வேண்டும். ஐபிஎம் தைவானின் இரண்டு பெரிய ஜாப் ஒர்க் கம்பெனிகளையும் அணுகியது. எங்கள் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சேர்ந்து வளர்ப்போம் என்றது. பூரண கும்பத்தோடு வாசலுக்கு வந்த கூட்டு.

அந்த இரண்டில் ஒன்றான யுஎம்சி ஏற்றது. ஐபிஎம், ஜெர்மனியின் இன்ஃபினியான் இரண்டோடும் ஒப்பந்தம் போட்டது. யுஎம்சி அப்போது டிஎஸ்எம்சியைத் துரத்திப் பிடித்துவிடும் தூரத்தில் இருந்தது. ஐபிஎம்மின் துணையோடு முந்திவிடும் என்றுதான் பலரும் கணித்தார்கள். டிஎஸ்எம்சியில் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்தவர் சியாங் ஷாங்-யி. அவர் போட்ட கணக்கு இது: கூட்டு ஆராய்ச்சி என்றால் வேலை ஐபிஎம்மின் நியூயார்க் ஆய்வுக்கூடத்தில்தான் நடக்கும். நம் ஆட்கள் அங்கே போக வேண்டும், முடிந்த பிறகு முடிவுகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து தைவான் ஆலையில் இறக்க வேண்டும். அது சரிவராது, நாமே செய்வோம் என்று டிஎஸ்எம்சி தீர்மானித்தது. ஆராய்ச்சிக் குழு மூட்டை கட்டிக்கொண்டு தைவானின் தென்பகுதியில் இருந்த தைனான் ஆலைக்குப் போய்த் தங்கியது. உற்பத்தி நடக்கும் ஆலைக்குள்ளேயே ஆராய்ச்சி நடந்தது.

காப்புப் பொருள் விஷயத்தில் ஐபிஎம் தேர்ந்தெடுத்தது டவ் கெமிக்கல் கம்பெனியின் சில்க் என்ற பொருள். சிலிக்கான் வட்டான வேஃபர் மேல் ஊற்றிச் சுழற்றிப் பரப்ப வேண்டியது. ஆய்வுக்கூடத்தில் அழகாக வந்தது. உற்பத்தி என்று வந்தபோது அதன் நம்பகத்தன்மை காலை வாரிவிட்டது. பிறகு ஐபிஎம்மே அதைக் கைவிட்டது. டிஎஸ்எம்சி ஆவியாகப் படிய வைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தது. அதுவும் சுமுகமாகப் போய்விடவில்லை. 2002-இல் என்விடியாவின் புதிய சிப் டிஎஸ்எம்சியின் 0.13 மைக்ரான் லைனில் தாமதமாகி, 2003-இல் என்விடியா ஒரு பகுதி ஆர்டரை ஐபிஎம்முக்கே கொண்டுபோனது. ஒரு ஜாப் ஒர்க் கம்பெனிக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. யாரை வேண்டாம் என்றோமோ அவரிடமே நம் பார்ட்டி போகிறார்! ஆனால் சிக்கலைத் தீர்த்த அனுபவம் தைனானில் இருந்தது, தீர்த்தவர்களும் அங்கேயே இருந்தார்கள். லைன் சீரானதும் டிஎஸ்எம்சி மளமளவென்று முன்னே போனது. என்விடியாவும் திரும்பி வந்தது. அந்தத் தலைமுறையில் பின்தங்கிய யுஎம்சி அதன் பிறகு ஒருபோதும் டிஎஸ்எம்சிக்கு அருகில் வரவில்லை.

ஐபிஎம் கெட்ட கூட்டாளி என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். திறமையான, நேர்மையான கூட்டாளிதான். கூட்டு நடக்கும் இடம்தான் தவறு.

இன்டெல்லின் கதை இதற்கு நேர்மாறு. பால் ஓட்டெல்லினி 2005-இல் இன்டெல்லின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அதே ஆண்டு ஆப்பிள் தன் கம்ப்யூட்டர்களை இன்டெல் சிப்புக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. உறவு நெருக்கமாக இருந்தது. ஐபோன் வெளிவருவதற்கு முன் அதற்கும் சிப் வேண்டும் என்று ஆப்பிள் கேட்டது. ஒரு விலை சொன்னது, அதற்கு மேல் ஒரு காசு தர முடியாது என்றது. இன்டெல்லின் ஆட்கள் கணக்குப் போட்டார்கள். ஆப்பிள் சொன்ன விலை, அவர்கள் மதிப்பிட்ட அடக்கவிலைக்கும் கீழே இருந்தது. எண்ணிக்கையில் ஈடுகட்டலாம் என்று நம்ப ஆதாரம் இல்லை. ஓட்டெல்லினி மறுத்தார்.

2013-இல் ஓய்வு பெறும்போது தி அட்லாண்டிக் இதழுக்கு அவர் அளித்த பேட்டியில் இதைத் திறந்த மனதோடு சொன்னார். அடக்கவிலை மதிப்பீடு தவறாக இருந்தது, எண்ணிக்கையோ யாரும் நினைத்ததைப் போல நூறு மடங்கு ஆனது, சரி என்று சொல்லும்படி உள்மனம் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்று வருந்தினார். உயர்ந்த மனிதர்தான். தன் தீர்மானத்துக்கு அடுத்தவர் மேல் பழி போடவில்லை. ஆனால் அவர் காட்டிய காரணத்தோடு முழுவதும் உடன்பட முடியவில்லை. உள்மனம் தேவைப்படாத இடம் அது. சாங் டெக்சஸில் போட்ட அதே கணக்கு போதும். இன்றைய கையில் அடக்கவிலை என்ன என்று கேட்டார்களே தவிர, பத்துக் கோடி சிப் செய்த பிறகு அடக்கவிலை எங்கே நிற்கும் என்று கேட்கவில்லை. 2006-இல் இன்டெல் கைபேசிக்கான சிப் செய்துவந்த தன் எக்ஸ்ஸ்கேல் பிரிவையும் மார்வெல் கம்பெனிக்கு 60 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. 2016-க்குள் நூறு கோடி ஐபோன்கள் விற்றுத் தீர்ந்தன. கைபேசிச் சிப்பைச் செய்து செய்து பழகியவை வேறு ஆலைகள்.

முதல் ஐபோனின் சிப்பை சாம்சங் செய்து கொடுத்தது. சாம்சங் தானும் போன் விற்கிற கம்பெனி. 2010-இல் கேலக்ஸி எஸ் வந்தது. 2011-இல் ஆப்பிள் அதன் மேல் வழக்குப் போட்டது. எதிராளியின் ஆலையில் தன் மூளையைச் செய்துகொள்ளும் நிலைமையிலிருந்து ஆப்பிள் வெளியே வர விரும்பியது. அப்போது அதன் கண்ணில் பட்டது, போட்டி போடுவதில்லை என்று 1987-இலேயே சொல்லிவிட்ட கம்பெனி.

சாங் 2005-இல் தலைமைச் செயல் பொறுப்பிலிருந்து ஒதுங்கியிருந்தார். உலகப் பொருளாதார நெருக்கடியில் கம்பெனி சுருங்கியபோது, 2009-இல், 77 வயதில் திரும்ப வந்தார். வந்ததும் முதலீட்டைக் கூட்டினார். 2010-இல் ஆப்பிளின் ஜெஃப் வில்லியம்ஸ் அவர் வீட்டுக்கு இரவு உணவுக்கு வந்தார். பேச்சு அங்கே தொடங்கியது.

ஆப்பிள் கேட்டது 20 நானோமீட்டர் சிப். டிஎஸ்எம்சியோ 28-இலிருந்து நேராக 16-க்குப் போகத் திட்டம் வைத்திருந்தது. ஆகவே இந்த ஆர்டர் வழியை விட்டுக் கொஞ்சம் விலகிச் சுற்றிப் போகும் பாதை. அளவோ மலைக்க வைத்தது. கேட்டதை முழுவதும் ஏற்க வேண்டுமானால் பெரும் கடன் வாங்க வேண்டும். அந்த ஆலைகள் எல்லாம் ஒரே வாடிக்கையாளரை நம்பி நிற்கும். சாங் பாதியை மட்டும் ஏற்றார்.

உலகமே வாசலில் காத்துக் கிடக்கும் வாடிக்கையாளர் கேட்கும்போது பாதி போதும் என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அகலக் கால் வைக்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது அதில் பயம் தொனிக்கும். சாங் செய்தது பயந்து செய்தது இல்லை. அந்தப் பாதிக்காகவே கம்பெனி கடன் பத்திரம் வெளியிட்டது, முழு பலத்தையும் இறக்கியது. 2017-இல் டிஎஸ்எம்சியின் முப்பதாம் ஆண்டு விழாவில் பேசிய வில்லியம்ஸ், 900 கோடி டாலர் முதலீட்டையும், தைனானில் 6,000 பேர் இரவு பகலாக உழைத்து 11 மாதத்தில் ஆலையை எழுப்பியதையும் நினைவுகூர்ந்தார். கழுத்துவரை இறங்கி, மூச்சு விடமட்டும் இடம் வைத்துக்கொண்ட கணக்கு அது.

பேச்சு நடுவில் இரண்டு மாதம் நின்றும் போனது. 2011-இல் இன்டெல் ஆப்பிளை அணுகியிருந்தது. சாங் கலிஃபோர்னியாவுக்குப் போய் ஆப்பிளின் டிம் குக்கைச் சந்தித்தார். அடுத்தவருக்குச் செய்து கொடுக்கும் தொழில் இன்டெல்லுக்குத் தெரியவில்லை என்று குக் சொன்னதாக சாங் பின்னாளில் தெரிவித்தார். வாடிக்கையாளர் கேட்பதைக் காது கொடுத்துக் கேட்டு, அவர் சொல்லும் மாற்றத்துக்கு முகம் சுளிக்காமல் வளைந்து கொடுப்பதும் பழகிப் பெற வேண்டிய திறமைதான். இன்டெல் அதைப் பழக வேண்டிய வருஷங்களில் பழகவில்லை. 2014-இல் ஐபோன் 6-இன் சிப் டிஎஸ்எம்சியிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டு ஆப்பிள் சாம்சங்குக்கும் டிஎஸ்எம்சிக்கும் பிரித்துக் கொடுத்தது. 2016 முதல் ஐபோனின் முதன்மைச் சிப் முழுக்க டிஎஸ்எம்சியின் வேலை. மறுத்த பாதி எங்கும் போய்விடவில்லை.

இவ்வளவையும் கேட்டு, சாங் எடுத்த முடிவெல்லாம் பலித்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1996-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், வாடிக்கையாளர்களான அனலாக் டிவைசஸ், ஆல்ட்டெரா, ஐஎஸ்எஸ்ஐ ஆகியவற்றோடு கூட்டுச் சேர்ந்து வேஃபர்டெக் என்ற ஆலையைத் தொடங்கினார். தைவானில் வெற்றி பெற்ற முறையை அப்படியே அங்கே நட்டால் முளைக்கும் என்று எண்ணினார். மெஷின் அதே மெஷின். ஆனால் அடக்கவிலை தைவானைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆனது. வருஷக்கணக்காகப் போராடியும் அது இறங்கவில்லை. பிறகு கூட்டாளிகளின் பங்கை டிஎஸ்எம்சியே வாங்கிக்கொண்டது. சின்சுவில் ஒரு மெஷின் ராத்திரி ஒரு மணிக்கு நின்றால் இரண்டு மணிக்கு ஓட வைக்கத் தெரிந்த கைகள் பக்கத்திலேயே குடியிருந்தன. அந்தக் கற்றல் கப்பலில் ஏறி வரவில்லை.

சூரிய மின்தகட்டிலும் எல்இடியிலும் கை வைத்தது இன்னொரு சறுக்கல். 2009 முடிவில் டிஎஸ்எம்சி மோடெக் என்ற சூரிய மின்தகட்டுக் கம்பெனியில் 20 சதவீதப் பங்கு வாங்கியது. பிறகு சொந்தமாகவே ஆலை போட்டது. இரண்டும் செமிகண்டக்டரோடும் மின்சாரத்தோடும் சம்பந்தப்பட்டவை, ஆகவே நம் தொழிலுக்குப் பக்கத்துத் தொழில் என்று தோன்றியிருக்கலாம். ஆனால் டிஎஸ்எம்சியின் பலம், யாராலும் செய்ய முடியாத நுணுக்கத்தைச் செய்வது. சூரியத் தகட்டில் வாங்குகிறவர் நுணுக்கத்துக்குக் காசு தர மாட்டார், சதுர மீட்டருக்கு என்ன விலை என்றுதான் கேட்பார். சிப்பில் இருபது வருஷம் கற்றது அங்கே செல்லுபடியாகவில்லை. டிஎஸ்எம்சியின் எல்இடி கம்பெனி 2015 தொடக்கத்தில் எபிஸ்டார் என்ற கம்பெனிக்குக் கைமாறியது. சூரிய மின்தகட்டு ஆலையை அதே ஆண்டு ஆகஸ்டில் மூடினார்கள். தேய்ந்துகொண்டே போகவிடாமல் ஐந்தாறு வருஷத்தில் கதவைச் சாத்தியதைப் பாராட்ட வேண்டும்.

ஏற்ற வேலை பாதியில் தவறென்று தெரிந்தால் என்ன செய்வது? கேட்கவே சங்கடமான கேள்வி. என்விடியாவின் ஜென்சன் ஹுவாங்குக்கு 1996-இல் அது வந்தது. வீடியோ கேம் கம்பெனியான சேகாவுக்காக ஒரு சிப் செய்து தர ஒப்பந்தம். வேலை பாதியில் இருக்கும்போது, தாங்கள் தேர்ந்தெடுத்த அடிப்படை வடிவமைப்பே தவறு, சந்தை வேறு பக்கம் போய்விட்டது என்பது தெரிந்தது. முடித்துக் கொடுத்தால் உபயோகமில்லாத தொழில்நுட்பத்தில் வருஷக்கணக்கில் மாட்டிக்கொள்வார்கள். முடிக்காவிட்டால் பணம் இல்லை, கம்பெனி மூடப்படும். ஹுவாங் சேகாவில் உயர் பொறுப்பில் இருந்த இரிமாஜிரியிடம் நேரில் போனார். நாங்கள் செய்வது தவறான பாதை, நீங்கள் வேறு ஆளைப் பாருங்கள், ஆனாலும் எங்களுக்குப் பணம் வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனி பிழைக்காது என்று உண்மையைச் சொன்னார். இரிமாஜிரி 50 லட்சம் டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில் ஓடிய சில மாதங்களில் புது வடிவமைப்பில் செய்த ரிவா 128 என்ற சிப் 1997-இல் வெளிவந்து கம்பெனியைக் காப்பாற்றியது. அந்தக் காலத்தில்தான் ஹுவாங் சாங்குக்குக் கடிதம் எழுதினார், சாங் தானே போன் செய்து பேசினார். இன்றைய பெரிய கூட்டுகளில் ஒன்று அப்படித் தொடங்கியது. இரிமாஜிரியின் பெயர் நம் ஊரில் இன்னும் அதிகம் தெரிய வேண்டிய பெயர். தனக்கு உதவாது என்று தெரிந்த ஒரு கூட்டாளியை மரியாதையோடு அனுப்பி வைத்த மனிதர்.

பந்தயத்திலிருந்து விலகுவதும் ஒரு தீர்மானம்தான். 2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் 7 நானோமீட்டர் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டது. யுஎம்சியும் 12 நானோமீட்டருக்குக் கீழே போவதில்லை என்று நின்றுகொண்டது. முதலில் பலர் பரிதாபப்பட்டார்கள். ஆனால் கார்களுக்கும் வீட்டுச் சாதனங்களுக்கும் வேண்டிய சிப்புகளில் பெரும்பாலானவை பழைய தலைமுறைகளில்தான் செய்யப்படுகின்றன. 2021, 2022-இல் உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு வந்தபோது யுஎம்சி அதுவரை காணாத லாபம் பார்த்தது. 28 நானோமீட்டரில் அதன் கை நன்றாகப் பழகியிருந்தது. பழகிய கைக்கு வேலை இருந்தது. முதலிடத்தில் இருப்பவர் ஏற்ற வேலையை எல்லோரும் ஏற்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

டிஎஸ்எம்சி இப்போது மறுபடியும் வெளிநாட்டில் ஆலை கட்டுகிறது. ஜப்பானின் குமாமோட்டோவில் 2024 பிப்ரவரியில் திறந்த ஆலையில் சோனி, டென்சோ, டொயோட்டா பங்கு வைத்திருக்கின்றன. ஆனால் 86 சதவீதத்துக்கு மேல் டிஎஸ்எம்சியின் கையில். ஜெர்மனியின் டிரெஸ்டனில் வரும் ஆலையில் பாஷ், இன்ஃபினியான், என்எக்ஸ்பி மூன்றுக்கும் ஆளுக்கு 10 சதவீதம், டிஎஸ்எம்சிக்கு 70. கூட்டாளிகள் எல்லோரும் அந்த ஆலையின் சிப்பை வாங்கப்போகிறவர்கள் அல்லது அதை நம்பித் தொழில் நடத்துகிறவர்கள். ஆலை நிரம்பாமல் போனால் அவர்கள் பணமும் முடங்கும். செய்முறையும் நிர்வாகமும் ஒருவர் கையிலேயே இருக்கும். வேஃபர்டெக்கில் பட்டதை மறக்காமல் எழுதிய ஒப்பந்தங்கள் என்று படித்தால் புரியும். அமெரிக்காவின் அரிசோனாவில் மட்டும் கூட்டாளியே இல்லை. 2020-இல் 1,200 கோடி டாலர் என்று தொடங்கிய திட்டம் 2025 மார்ச்சில் 16,500 கோடி டாலராக வளர்ந்திருக்கிறது. தைவானிலிருந்து பொறியாளர்களை நூற்றுக்கணக்கில் அழைத்துப் போய்க் கையோடு சேர்த்துப் பழக்குகிறார்கள்.

2025 தொடக்கத்தில் ஒரு செய்தி பலமாக அடிபட்டது. தள்ளாடும் இன்டெல்லின் ஆலைகளை நடத்த டிஎஸ்எம்சி கூட்டுச் சேரப் போகிறது என்றார்கள். 1980-களில் முதலீடு கேட்டுப் போனபோது கதவைச் சாத்திய கம்பெனி இப்போது கூட்டுக்கு உரியதாகப் பேசப்பட்டது. அமெரிக்க அரசின் விருப்பமும் இதில் இருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. ஏப்ரல் 17-ஆம் தேதி காலாண்டுக் கணக்கு வெளியிட்ட கூட்டத்தில் தலைவர் சி.சி. வெய் இதைப் பற்றித் தெளிவாகப் பேசினார். கூட்டு நிறுவனம், தொழில்நுட்ப உரிமம், தொழில்நுட்பப் பகிர்வு இவற்றில் எதைப் பற்றியும் எந்தக் கம்பெனியோடும் டிஎஸ்எம்சி பேச்சு நடத்தவில்லை என்றார்.